குதித்த கோடு

பிள்ளைகளே, போன தீபாவளிக்கு நீங்கள் மூன்று பேரும் வந்திருந்தபோது சின்னவன் தன் கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேசையில் வைத்து எனக்கு ஒன்று காட்டினான். கல்லூரியில் கொடுத்த வேலையாம். கண்டென்சரையும் காயிலையும் படமாக வரைந்து ஒரு பொத்தானைத் தட்டினால், மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடும் தானாக வந்து நிற்கின்றன.

"இது ஃபில்டர்ப்பா. மேல இருக்கற கோடு எவ்வளவு சத்தம் உள்ள போயி எவ்வளவு வெளிய வருதுன்னு காட்டும். கீழ இருக்கறது ஃபேஸ். இந்த எடத்துல ஏன் திடீர்னு மேல குதிக்குது, சொல்லுங்க பாக்கலாம்" என்றான்.

நான் கண்ணாடியைத் தேடுவதாகச் சொல்லி எழுந்து போனேன். திரும்பி வரவில்லை. "அப்பாகிட்டப் போயி இதையெல்லாம் காட்டறியே, அவருக்கு எங்கடா புரியும்" என்று பெரியவள் சொன்னது காதில் விழுந்தது. அடுப்படியிலிருந்த உங்கள் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும்.

அந்தக் கோட்டை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நீங்கள் யாரும் பிறப்பதற்கு முன்னால். உங்களுக்கெல்லாம் மூத்தவளாக இன்னொருத்தி இருந்திருக்க வேண்டும். அவளைப் பற்றி இதுவரை உங்களிடம் பேசியதில்லை. பேச வராது. எழுத முடியுமா என்று பார்க்கிறேன்.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. நான் கோயம்புத்தூர்ப் பக்கத்து வேலந்தாவளத்துக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, உடும்பஞ்சோலைக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட்டின் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தேன். உங்கள் அம்மா அந்த எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அம்மா, என் மாமியார், மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய டிவிஷனில் கொழுந்து எடுத்தவர். என் பேச்சு அவருக்கு வேடிக்கை. "எங்க மருமகன் ஆட்டுக்குட்டிக்கும் 'ங்க' போடுவாரு. கடிக்க வாற நாயிகிட்டக்கூட 'போங்க'ன்னுதான் சொல்லுவாரு" என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் வைத்தே சொல்வார். எனக்கு மாற்றிப் பேச வரவில்லை.

பேக்டரியில் என் முக்கியமான வேலை மோட்டார்கள். அடுத்தது ட்ரையர். இலையைக் காயவைக்கும் அந்த அடுப்பின் சூட்டை ஒரு முள் வட்டக் காகிதத்தில் மையால் எழுதிக்கொண்டே போகும். நாளுக்கு ஒரு காகிதம். பேக்டரியின் பொறுப்பில் இருந்தவரை டீமேக்கர் என்போம். அவர் தினமும் காலையில் அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்.

"கோடு வளைஞ்சு போச்சுன்னா வெறகு ஈரம்னு அர்த்தம். அது கெடக்கட்டும், தானாச் சரியாப் போவும். குதிச்சிச்சா, எவனோ கதவத் தொறந்திருக்கான். குதிச்ச எடத்தப் பாரு தம்பி, மத்தத விடு."

இப்படித்தான் எனக்குக் கோடு படிக்கத் தெரியும். வருஷக்கணக்காகக் குதிக்கிற இடத்தைப் பார்த்தேன். எப்போதும் அங்கேதான் கோளாறு இருந்தது. ஒருமுறையும் அந்த வழி பொய்த்ததில்லை.

எஸ்டேட்டின் ஆஸ்பத்திரி மாமியார் இருந்த டிவிஷனில் இருந்தது. பேக்டரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே ஒரு டெலிபோன். கைப்பிடியைச் சுற்றினால் அந்தப் பக்கம் மணி அடிக்கும், அவ்வளவு பழைய வகை. மரத்திலும் கம்பத்திலுமாக மைல் கணக்கில் ஓடிய இரும்புக் கம்பி, துருப்பிடித்து, பேச்சு பாதியிலேயே தேய்ந்துவிடும். அதுபோதாதென்று பாதித் தூரத்துக்கு மின்சாரக் கம்பி பக்கத்திலேயே வந்தது. ரிசீவரை எடுத்தால் வண்டுக் கூட்டில் காதை வைத்த மாதிரி ஒரே இரைச்சல்.

அந்த வருஷம் கோடையில் மேனேஜருக்குத் தெரிந்த ஒருவர் வந்து தங்கியிருந்தார். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துபவர். என் வயதுதான் இருக்கும். என் பேச்சைக் கேட்டதும் "ஏனுங்க, நம்ம பக்கமுங்களா?" என்று கேட்டுச் சிநேகமாகிவிட்டார். அவர்தான் அந்தப் பெட்டியைச் செய்தார். வருகிற பேச்சையும் போகிற பேச்சையும் தனித்தனியாகப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டி. நடுவே ஒரு ஃபில்டர். சல்லடையில் தூளைச் சலித்து இலையைத் தனியாக எடுக்கிறோமே, அந்த மாதிரி மின்சார இரைச்சலைக் கீழேயும் கம்பியின் கரகரப்பை மேலேயும் தள்ளிவிட்டு, மனிதக் குரல் இருக்கும் நடுப்பகுதியை மட்டும் விடும். மணி மட்டும் பெட்டிக்குள் நுழையாமல் நேரே வரும்படி விட்டிருந்தார். நான் கூடவே இருந்து ஈயத்தால் பத்தவைத்துக் கொடுத்தேன்.

முதல் தடவை பேசியபோது ஆஸ்பத்திரியில் யாரோ இருமியது தெளிவாகக் கேட்டது. டீமேக்கர் சிரித்தேவிட்டார். "இனி இங்கேருந்தே மருந்து சொல்லலாம்போல" என்றார்.

ஊருக்குப் போகிற நாளில் கோயம்புத்தூர்க்காரர் ஒரு காகிதத்தை என்னிடம் கொடுத்தார். இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்ட அகலமான காகிதம். அவர் கல்லூரிக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு அச்சடித்துக் கொடுத்ததாம். கோடு என்று சொன்னாலும் கோடில்லை. நட்சத்திரக் குறிகளை அடுத்தடுத்து வைத்து ஒரு வளைவு, கூட்டல் குறிகளை வைத்து இன்னொன்று.

"வெயில்ல ஒண்ணும் ஆகாதுங்க. மழை புடிச்சுக் கம்பி நனைஞ்சா பெட்டி ஊளையிட்டாலும் இடும். அப்ப இந்த ரெண்டாவது கோட்டைப் பாருங்க. எங்க கத்தும்னு அது சொல்லிப் போடும்" என்றார்.

"செரிங்க" என்றேன். கேட்டிருக்கலாம். ஜீப் கிளம்பி நின்றது. மேனேஜர் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

உங்கள் அம்மாவுக்கு அப்போது ஏழு மாதம் முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது. மழைக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று மாமியார் வந்து அழைத்துக்கொண்டு போயிருந்தார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

மழை வந்தது. அந்த மலையில் மழை என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரோட்டில் மண் சரிந்தது. அதற்கடுத்து ஓடையின் மேலிருந்த நடைபாலம் போனது. வெளியூர் டெலிபோன் கம்பி அறுந்து, தபாலும் நின்றது. ஆனால் மின்சாரம் போகவில்லை. ஆஸ்பத்திரிக் கம்பியும் அறுபடவில்லை.

பாலம் போன மறுநாள் காலையில் மணி அடித்தது.

நான் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். ஊளை. இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை. ஒரே சுருதியில், மூச்சு விடாத ஊளை. காதை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை. பெட்டியின் பெருக்கத்தைக் குறைத்தேன். குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் ஊளை நின்றது. அந்த இடத்தில் வேறெதுவும் கேட்கவும் இல்லை. பெட்டியைக் கழற்றிப் பழையபடி நேரே கொடுத்துப் பார்த்தேன். வண்டு இரைச்சல். அதற்குள்ளே எங்கோ ஒரு பேச்சு இருந்தது. பெண் குரல் என்பது வரைக்கும் தெரிந்தது. ஏறி இறங்குவதை வைத்து அவர் எதையோ கேட்கிறார் என்று தெரிந்தது. என்ன கேட்கிறார் என்று தெரியவில்லை.

"ஆஸ்பத்திரியில இருந்துங்களா? அவளுக்கு என்னங்க?" என்று கத்தினேன்.

குரல் மறுபடியும் ஏறி இறங்கியது. அதே கேள்வி, அதே நீளம். பிறகு நின்றுவிட்டது.

எனக்குச் சந்தேகமில்லை. எட்டாம் மாதத்தில், பாலம் போன மறுநாள், பேக்டரிக்கு ஆஸ்பத்திரி எதற்காக மணி அடிக்கும். ஓடைக்கு ஓடினேன். செம்மண் தண்ணீர் மரத்தைப் புரட்டிக்கொண்டு போனது. அங்கே பணியாட்களோடு நின்ற கங்காணி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "எங்கய்யா போறே? உன்னையும் தேட எங்களுக்கு ஆளில்ல" என்றார். மின்சாரத்தை நிறுத்தினால் அந்த இரைச்சலாவது நிற்கும் என்று தோன்றியது. அதை நிறுத்த வேண்டிய இடம் மண்சரிவுக்கு அந்தப் பக்கம். திரும்பி வந்தேன். பெட்டி ஒன்றுதான் மிச்சம். அதைத் தொடத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

காகிதத்தை மேசையில் விரித்தேன். நட்சத்திரக் கோடு எனக்கு உடனே புரிந்தது. இடது பக்கம் தாழ்வு, நடுவே மேடு, வலது பக்கம் தாழ்வு. மேடுதான் குரல். இரண்டாவது கோடு நடுக்கோட்டுக்குக் கீழே தொடங்கி, சரிந்து கீழ் விளிம்பைத் தொட்டது. தொட்டதும் ஒரே தாவாகக் காகிதத்தின் உச்சிக்குப் போனது. அங்கிருந்து சரிவாக இறங்கி, நடுவைத் தாண்டி, மறுபடியும் கீழ் விளிம்பு. மறுபடியும் உச்சிக்குத் தாவல்.

இரண்டு குதிப்பு. எனக்கு உடம்பில் தெம்பு வந்தது. கோளாறு இருக்கும் இடத்தை அந்த மனிதர் இவ்வளவு தெளிவாக அச்சடித்துக் கொடுத்திருக்கிறாரே என்று நினைத்தேன். இரண்டு இடத்தில் கதவு திறந்திருக்கிறது, மூடினால் தீர்ந்தது.

டீமேக்கர் வந்து தோளுக்குப் பின்னால் நின்றார். "என்ன தம்பி, ஏதாச்சும் தெரியுதா?"

"தெரியுதுங்க. இங்கயும் இங்கயும் குதிக்குதுங்க."

அவரும் குனிந்து பார்த்தார். "ஆமாய்யா, நல்லாவே குதிக்குது" என்றார். எங்கள் இருவருக்கும் ஒரே படிப்புத்தானே.

முதல் குதிப்புக்கு நேரே கீழே எழுதியிருந்த எண்ணைப் பார்த்தேன். தாழ்ந்த சுருதிப் பக்கம். அந்தப் பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் கண்டென்சர் எது என்று, பத்தவைத்தவன் நான்தானே, எனக்குத் தெரியும். மாற்றினேன். பெட்டியைப் போட்டேன். ஊளை வந்தது. ஆனால் சுருதி மாறியிருந்தது. கொஞ்சம் இறங்கியிருந்தது.

நம்பிக்கை என்பது எவ்வளவு அற்பமான இடத்திலும் வந்து உட்காரும் என்பதை அன்றைக்குப் பார்த்தேன். சுருதி இறங்குகிறதென்றால் சரியான இடத்தைத் தொட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இன்னொன்றை மாற்றினேன். இன்னும் கொஞ்சம் மாறியது. மூன்றாவதை மாற்றினால் பழையபடி ஏறியது. ஸ்டோரில் இருந்த பழைய ரேடியோவைப் பிரித்து அதிலிருந்ததையெல்லாம் கழற்றினேன். ஊளை எங்கே போனாலும் கூடவே போனேன். அது நகர்ந்தது. நிற்கவில்லை.

நடுவே மறுபடியும் மணி அடித்தது. எடுத்தேன், ஊளை. வைத்துவிட்டேன். சற்று நேரத்தில் மறுபடியும் அடித்தது. நான் இங்கேதான் இருக்கிறேன், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது. வேறு வழி தெரியாமல் கைப்பிடியைச் சுற்றி அந்தப் பக்கத்துக்கு நானும் மணி அடித்தேன். அவர்கள் அடித்தார்கள். நான் அடித்தேன். மணி மட்டும் தெளிவாகப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

சாயங்காலத்துக்கு மேல் அந்தப் பக்கத்திலிருந்து மணி வருவது நின்றது. நான் விடாமல் வேலை செய்தேன். விடிந்தபோது என் கையில் ஈயம் பட்ட கொப்புளங்களும், காதில் ஊளையும்தான் இருந்தன. பெட்டியை நிறுத்திய பிறகும் அது கேட்டது.

மறுநாள் மதியம் மழை சற்று விட்டது. ஓடையின் குறுக்கே கயிறு கட்டினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து முதலில் வந்தவர் எங்கள் லைன்மேன் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், டெலிபோன் கம்பியைப் பார்த்துக்கொள்பவர். இடுப்புவரை சேறு. என்னைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"உக்காரு. உசுரோட இருக்கா. மொதல்ல அதக் கேட்டுக்கோ" என்றார்.

பிறகு சொன்னார். முந்தின நாள் காலையிலேயே உதிரம் கண்டுவிட்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் முடியாது, எல்லையைத் தாண்டிக் கீழே போடிப் பக்கம் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும், உடனே போனால் இரண்டு உயிரையும் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஆள் ஏற்பாடாகிவிட்டது. கட்டிலில் கழி கட்டியாகிவிட்டது. ஆனால் என் மாமியார் வாசலில் நின்றுகொண்டார். எங்கள் பக்கத்திலும் அவர்கள் பக்கத்திலும் இது உண்டு. கட்டிக்கொடுத்த பெண்ணை அவள் புருஷன் வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். அதுவும் பிள்ளைத்தாய்ச்சியை.

"டாக்டரம்மா தலையில அடிச்சுக்கிட்டாவ. ஒம் மாமியா கேக்கல. 'எம் மருமகன் பேக்டரியில போனு பக்கத்துலதான் இருக்காரு. ஒரு வார்த்த கேட்டுப்புட்டுத் தூக்குங்க'ன்னு சொல்லிட்டா. போனை எடுத்தா நரி மாதிரி ஊளையிடுது. சரி, கெடைக்கல, தூக்குங்கலேன்னு நான் சொல்லுதேன். அப்பதான் ஒம் பக்கத்துல இருந்து மணி அடிக்கி."

அண்ணாச்சி அவிழ்த்த சாக்கைப் பிழிந்துவிட்டுத் தொடர்ந்தார்.

"'பாத்தியளா, மருமகன் பேச வாராரு, கொஞ்சம் இருங்க'ன்னு அவ உக்காந்துட்டா. ஊளை நின்னு, செத்த நேரங்கழிச்சி மறுபடி தூக்கப் போனா, மறுபடி மணி. மறுபடி உக்காந்துட்டா. கடைசியில ஒம் பொஞ்சாதிதான் சொன்னா. 'அம்மா, அவுக சொல்லிட்டாகன்னு நெனச்சுக்க. என்னத் தூக்குங்க'ன்னா. பொழுது சாயப் போற நேரம்."

அண்ணாச்சியும் கட்டில் தூக்கிய நான்கு பேரில் ஒருவர். வழியெல்லாம் வழுக்கல் என்றார். "நாலு பேரும் ஒத்துக் காலு போட்டா கட்டிலு தொட்டிலு மாதிரி ஆட ஆரம்பிச்சிரும். ஆட ஆட இன்னும் ஆடும். 'ஒத்துப் போடாதியலே, மாத்தி மாத்திப் போடுங்க'ன்னு சொல்லிக்கிட்டே போனேன். ஆடாமதான் கொண்டு போயிச் சேத்தோம்." அதற்கு மேல் சொல்லாமல் டீயை வாங்கிக் குடித்தார்.

நான் கயிற்றைப் பிடித்து ஓடையைக் கடந்து, முகட்டில் ஏறி, அந்தப் பக்கம் போடிவரை இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை. அழவே இல்லையாம். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். நான் பார்க்கவில்லை. தலைமுடி நிறைய இருந்தது என்று மாமியார் மட்டும் ஒருமுறை சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்காகத்தானே காத்திருந்தார்.

உங்கள் அம்மா கட்டிலில் வெளுத்துப் போய்ப் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். "உங்க பக்கத்துல அது என்ன சத்தம்?" என்று கேட்டாள்.

"பெட்டிங்க" என்றேன். அவளிடமும் எனக்கு அந்த 'ங்க'தான் வந்தது.

"உங்க கொரலு நடுவுல வரும்னு காதுலயே வச்சிருந்தேன். அம்மா புடுங்கப் புடுங்கக் குடுக்கல" என்றாள். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு இன்றுவரை கேட்டதில்லை.

மழைக்காலம் முடிந்து ரோடு சரியான பிறகு கோயம்புத்தூர்க்காரர் மறுபடியும் வந்தார். பெட்டி கத்துகிறது என்று மேனேஜர் எழுதியிருந்தார் போலிருக்கிறது. வேறு எதையும் எழுதியிருக்கமாட்டார். மனிதர் நல்ல உற்சாகத்தோடு மோட்டார் அறைக்குள் வந்தார். டீமேக்கரும் அண்ணாச்சியும் கூட இருந்தார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, கண்டென்சர் பூராவும் மாத்திப் போட்டிருக்கறீங்களாட்ட இருக்குது?"

"குதிச்ச எடத்தைச் சரி பண்ணுனனுங்க."

"எந்த எடமுங்க குதிச்சுது?"

காகிதத்தை எடுத்து இரண்டு இடத்தையும் காட்டினேன். அவர் முகத்தில் கேலி இல்லை. வகுப்பில் எத்தனையோ பேருக்குச் சொன்னதை இன்னொருத்தருக்குச் சொல்லும் பொறுமைதான் இருந்தது.

"அது குதிக்கவே இல்லீங்க. காயிதம் அவ்வளவுதான். உள்ள போன சத்தம் வெளிய வாரப்ப எவ்வளவு பின்தங்கி வருதுன்னு இந்தக் கோடு சொல்லுது. அது வட்டக் கணக்குங்க. நூத்தெம்பது டிகிரி தாண்டுனா அந்தப் பக்கத்து நூத்தெம்பதுல இருந்து எண்ணறோம். ரெண்டும் ஒரே எடம்." சுற்றிப் பார்த்துவிட்டு, ட்ரையருக்கு வைத்திருந்த வட்டக் காகிதம் ஒன்றை எடுத்தார். பென்சிலால் அதே கோட்டை அதன்மேல் சுற்றி வரைந்தார். "இதுல எங்கீங்க குதிக்குது, காட்டுங்க."

எங்கும் குதிக்கவில்லை. ஒரே வழுக்கலாகச் சுற்றிக்கொண்டு போயிற்று. நான் தினமும் கையில் பிடித்த காகிதம் அது.

"கத்தற எடம் இதுங்க" என்று கம்ப்யூட்டர் காகிதத்தின் நடுவில் விரலை வைத்தார். இரண்டாவது கோடு நடுக்கோட்டை எந்த ஆரவாரமும் இல்லாமல் தாண்டிப் போகும் இடம். அதற்கு நேர் மேலே நட்சத்திரக் கோடு மேட்டின் உச்சியில் இருந்தது. "இங்க பின்தங்கறது சைபர். போன சத்தமும் சுத்தித் திரும்பி வந்த சத்தமும் ஒரே காலை எடுத்து வெக்குதுங்க. சத்தமும் இங்கதான் ஜாஸ்தி. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஊளை ஆயிப்போகுது."

அண்ணாச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒத்துக் கால் போட்டால் கட்டில் ஆடும். அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய.

"அப்ப என்னங்க பண்ணோணும்?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அவர் நான் மாற்றிய கண்டென்சர்களைப் பழையபடி வைக்கச் சொன்னார். வைத்தேன். பெட்டியைப் போட்டார். மலையில் அன்று பனி ஈரம் இருந்தது, பெட்டி ஊளையிட்டது. அவர் பெட்டியின் பின்பக்கம் போய், ஒரு ஜோடிக் கம்பியின் இரண்டு திருகையும் விரலால் தளர்த்தி, இதை அங்கேயும் அதை இங்கேயும் மாற்றிச் செருகி, மறுபடியும் விரலாலேயே திருகினார். ஊளை நின்றது. ஆஸ்பத்திரியில் எதையோ இடிக்கும் உலக்கைச் சத்தம் கேட்டது.

"ரெண்டு கம்பியை மாத்திப் போட்டா பூராக் கோடும் பாதி வட்டம் நவுந்து போயிருமுங்க. சத்தம் ஜாஸ்தியா இருக்கற எடத்துல காலு எதிரும் புதிருமா விழும். கால் ஒத்துப்போற எடத்துல சத்தமே இருக்காது. அவ்வளவுதாங்க. ஒரு நிமிச வேலை."

மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் இரண்டு கம்பியை மாற்றிப் போடுவேன். வாரத்துக்கு ஒரு தடவையாவது செய்கிற வேலை.

டீமேக்கர் தொண்டையைக் கனைத்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று பயந்து, நானே முந்திக்கொண்டு "ஆமாங்க, ஒரு நிமிச வேலைதாங்க" என்றேன். அந்த மனிதருக்குத் தெரிந்து என்ன ஆகப் போகிறது. அவர் காகிதத்தில் பொய் எதுவும் இல்லை. அன்றைக்கு வெளியிலிருந்து டீ வரவழைத்தேன். எல்லோரும் குடித்தோம். அண்ணாச்சி மட்டும் கம்பி பார்க்கப் போவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார்.

சின்னவனே, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். குதிக்கவில்லை. அது காகிதத்தின் விளிம்பு. நீ பரீட்சைக்கு எழுதும்போது கோடு நடுவைத் தாண்டுகிற இடத்தைப் பார். மேலே இருக்கும் கோட்டையும் சேர்த்துப் பார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். உன் வாத்தியார் இன்னும் நன்றாகச் சொல்வார்.

பெரியவளே, நீ சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. அன்றைக்கு எனக்குப் புரியவில்லைதான். நான் என்ன செய்திருந்தால் சரியாக இருந்திருக்கும் என்று இத்தனை வருஷத்தில் பலவிதமாக யோசித்துவிட்டேன். மணி அடிக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பதிலுக்கு மணி அடிக்காத புருஷனை அவர்கள் என்னவென்று நினைத்திருப்பார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் ஒருவேளை காலையிலேயே தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். சும்மா உட்காருவது எப்படி. அம்மாவிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம். அவளாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பியை மாற்றிப் போட்ட அன்று சாயங்காலம் கோயம்புத்தூர்க்காரர் ஜீப்பில் ஏறிப் போனார். டீமேக்கர் கணக்கு முடித்து வீட்டுக்குப் போனார். ட்ரையரை நிறுத்திவிட்டு ஆட்களும் போய்விட்டார்கள். நான் மோட்டார் அறைக்குத் திரும்பி வந்து பெட்டியின் பின்பக்கம் உட்கார்ந்தேன். அவர் மாற்றிப் போட்ட இரண்டு திருகையும் தொட்டுப் பார்த்தேன். விரலால் திருகியது, கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும். சட்டைப் பையிலிருந்த ஸ்குரு டிரைவரை எடுத்து, முதலில் ஒன்றையும் பிறகு மற்றதையும், இனி நகராது என்று தெரியும்வரை இறுக்கினேன்.